விடியற்கால ஓட்டமா, இடைவெளிப் பயிற்சியா? குத்துச்சண்டை உடல்தயாரிப்பில் பழசும் புதுசும்

1985 செப்டம்பரில் லாரி ஹோம்ஸை 15 ரவுண்டு முடிவில் புள்ளிக் கணக்கில் வீழ்த்தினார் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். ஹோம்ஸ் அதுவரை 48 சண்டைகளில் தோல்வியே காணாதவர். ஸ்பிங்க்ஸோ 175 பவுண்டு எல்லைக்குள் ஆடிவந்த லைட் ஹெவிவெயிட். சுமார் 25 பவுண்டு ஏற்றிக்கொண்டு வளையத்துக்குள் வந்திருந்தார். அவரைத் தயார்செய்த மேக்கி ஷில்ஸ்டோன் நீண்ட தூர ஓட்டத்தைக் குறைத்து, எடைப் பயிற்சியும் குறுகிய வேக ஓட்டங்களும் கொடுத்தார். எடை தூக்கினால் தசை இறுகிக் கை மெதுவாகிவிடும் என்று பெரும்பாலான கோச்சுகள் நம்பிய காலம் அது. மறு ஆண்டே உடல்தயாரிப்புக் கோச்சு டிம் ஹால்மார்க்கின் இடைவெளிப் பயிற்சியோடு (கொஞ்ச நேரம் கடும் வேலை, பிறகு ஓய்வு என மாறிமாறிச் செய்வது) வந்த எவாண்டர் ஹோலிஃபீல்டு, டுவைட் காவியை 15 ரவுண்டில் வென்று க்ரூசர்வெயிட் பட்டத்தை எடுத்தார்.

இதை வைத்துப் பழைய முறைக்கு இறுதிச்சடங்கு நடத்துகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஸ்பிங்க்ஸ் 1976 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். ஹோலிஃபீல்டு 1984இல் வெண்கலம். இருவருமே பழைய முறையில் ஊறி வளர்ந்த பிறகுதான் புதுசுக்குப் போனார்கள். அடித்தளம் இல்லாதவருக்கு அதே திட்டத்தைக் கொடுத்தால் அதே பலன் வராது.

ஓட்டம்

தினமும் 8 கிலோமீட்டர், வாரம் ஆறு நாள்: இந்தக் கணக்கு 15 ரவுண்டுக் காலத்தின் மிச்சம். 45 நிமிடம் குத்தவும் குத்து வாங்கவும் வேண்டியவருக்கு அது பொருந்தியது. 1982இல் தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ சண்டைக்குப்பின் இறந்ததையடுத்து உலகப் பட்டச் சண்டைகள் படிப்படியாக 12 ரவுண்டுக்கு இறங்கின. அமெச்சூரில் இன்று 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் 1 நிமிட ஓய்வு. மொத்தம் 9 நிமிட வேலை.

‘அப்படியானால் ஸ்பிரிண்ட் போதும்’ என்று தாவுவதுதான் புது முறைக்காரர்களின் வழக்கமான சறுக்கல். ஒவ்வொரு குத்துத் தொடரும் இரண்டு மூன்று விநாடி வெடிப்புதான். ஆனால் அடுத்த தொடருக்குள் மூச்சு திரும்புவதும், அந்த ஒரு நிமிட ஓய்வில் இதயத்துடிப்பு இறங்குவதும் ஆக்சிஜன் வழி ஆற்றலைத்தான் நம்பியிருக்கின்றன. மூன்று ரவுண்டுச் சண்டையிலும் ஆற்றலின் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. மெதுவோட்டத்தை முழுக்க விட்டவர் முதல் ரவுண்டில் புலி. மூன்றாவதில் கை முகவாய்க்குக் கீழே தொங்கும்.

பழைய ஓட்டத்தின் உண்மையான குறை வேறு. தினமும் ஒரே தூரம், ஒரே நடுத்தர வேகம். சுலபமாகவும் இல்லை, கடினமாகவும் இல்லை. களைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, மாலை ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) கால்களை இழுத்துப்பிடிக்கும். இரண்டாகப் பிரித்தால் சரியாகும். வாரம் இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 முதல் 40 நிமிடம். ஒரு நாள், உச்ச இதயத்துடிப்பின் 90 சதவீதத்தை ஒட்டி 4 நிமிடம் ஓடி 3 நிமிடம் மெல்ல நடை, நான்கு முறை. சண்டைக்கு ஆறு வாரம் இருக்கும்போது இந்த நான்கு நிமிடத்தை 3 நிமிட ஓட்டம், 1 நிமிட ஓய்வு என ரவுண்டு அளவுக்கு மாற்றலாம்.

வாரம் மூன்று நாள் கடும் ஸ்பாரிங் செய்கிறவருக்கு அந்த ஒரு இடைவெளி நாளே அதிகமாகப் போகலாம். ஸ்பாரிங்கே உச்சகட்ட இடைவெளிப் பயிற்சிதான். அதைக் கணக்கில் சேர்க்காத கண்டிஷனிங் (உடல்தயாரிப்பு) கோச்சு வீரரை எரித்துவிடுவார். காலையில் எழுந்ததும் எடுக்கும் இதயத்துடிப்பு வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு ஏறி இரண்டு நாள் நீடித்து, தூக்கமும் கெட்டால், அன்றைய இடைவெளி ஓட்டத்தை விட்டுவிட வேண்டும்.

எடையும், மெடிசின் பால் எனும் கனத்த பந்தும்

இங்கே புதுசுக்குத்தான் என் ஓட்டு, தயக்கமில்லாமல். 1985இல் ஃபிலிமோனோவ் தலைமையிலான சோவியத் ஆய்வாளர்கள் கிராஸ் (பின்பக்கக் கையால் நேராக விடும்) குத்தின் விசை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். தேர்ந்த வீரர்களிடம் காலின் பங்கு சுமார் 38 சதவீதம். கீழ்நிலை வீரர்களிடம் சுமார் 17 மட்டுமே. பின்காலால் தரையைத் தள்ளுவதை நூற்றுக்கணக்கான தண்டால் கற்றுத்தராது.

ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) அல்லது டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), 3 முதல் 5 முறை வீதம் 3 அல்லது 4 செட், செட்டுக்கு நடுவே முழு 3 நிமிட ஓய்வு. கடைசி முறையிலும் இன்னும் இரண்டு தூக்கும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். எடைப் பிரிவு தாண்டிவிடும் என்ற பயம் 10, 12 முறை வீதம் தசையை ஊதவைக்கும் பயிற்சிக்குப் பொருந்தும்; குறைந்த முறை, அளவான சாப்பாடு என்றால் பலம் ஏறும், தராசு முள் பெரிதாக நகராது. பிறகு 3 முதல் 4 கிலோ மெடிசின் பாலை இடுப்பைச் சுழற்றிச் சுவரில் எறிவது: பக்கத்துக்கு 5 வீதம் 4 செட். பந்து சுவரில் மோதும் சத்தம் மங்கினால் செட்டை அங்கேயே நிறுத்தவும். களைத்த பிறகு எறிவது மெதுவாகக் குத்தப் பழக்கும்.

அதே மெடிசின் பாலை வயிற்றில் போடும் பழைய வழக்கத்தைக் கேலி செய்வோர் உண்டு. தசையைக் கல்லாக்கும் என்பது சரியல்லதான். ஆனால் பந்து விழும் கணத்தில் சட்டென மூச்சை வெளிவிட்டு வயிற்றை இறுக்கும் நேரக்கணக்கு அதில் படியும். எனவே குறைந்த உயரத்திலிருந்து, இலேசான பந்தோடு, பத்துப் பதினைந்து முறை போதும். தினம் 300 சிட்-அப் மட்டும் வேண்டாம், கீழ்முதுகுதான் அடிவாங்கும். கழுத்துக்கு, தலையைத் தரையில் ஊன்றி உடலை வளைத்து உருளும் ‘பாலம்’ பயிற்சியைவிட, நாலு திசையிலும் கையால் எதிர்த்து 10 விநாடி அழுத்துவது பத்திரம்.

‘சண்டை போலவே’ என்ற மயக்கம்

விளையாட்டுக்கே உரிய பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவதில் பாதி, குத்துச்சண்டை மாதிரி தெரிகிற பயிற்சிதான். இடுப்பில் ரப்பர் பட்டை கட்டிக் குத்துவதில், குத்து முடியும் இடத்தில்தான் இழுவை அதிகம். வேகம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் கை பிரேக் போடப் பழகும். ஆடும் பந்துமேல் நின்று குத்தினால் தரையைத் தள்ளும் விசையே போய்விடும். பழைய முறைக்கும் இதே நோய் உண்டு: கையில் டம்பெல் பிடித்து ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது). எடை கீழே இழுக்கிறது, குத்து முன்னே போகிறது. வலுப்படுவது கையைத் தூக்கிப்பிடிக்கும் தோள்தசை மட்டும், அதோடு முழங்கை வெளியே விரியும் கெட்ட பழக்கமும் வரும். கார்டு (முகத்தைக் காக்கும் கைகள்) இறங்காமல் இருக்க வேண்டும் என்றால் அரை கிலோ, ஒரு ரவுண்டு, மெதுவாக. அதற்குமேல் வேண்டாம்.

மறுபக்கம், ஸ்கிப்பிங்கும் ஹெவி பேக்கும் (தொங்கும் குத்துமூட்டை) பழசு என்று பெயர் வாங்கினாலும் இவற்றைவிடச் சண்டைக்கு நெருக்கமான கண்டிஷனிங் குறைவு. பேக்கை மூன்று நிமிடமும் ஒரே சீராக மொத்துவதுதான் வீண். 10 விநாடி முழுவேகத் தொடர், 20 விநாடி காலாட்டமும் ஒற்றை ஜாபும் (முன்பக்கக் கையின் நேர்க்குத்து). ரவுண்டுக்கு இது 6 முறை. மூன்று ரவுண்டு இப்படி, மீதி நுட்பத்துக்கு. ஐந்தாவது தொடரில் குதிகால் தரையில் ஒட்டினால், அது கையின் குறையல்ல, காலின் குறை.

வாரத்தில் எங்கே வைப்பது

எடை நாளும் ஸ்பாரிங் நாளும் ஒன்றானால் ஸ்பாரிங் முதலில், எடை குறைந்தது 6 மணி நேரம் கழித்து. கனத்த காலோடு ஸ்பாரிங் ஏறுகிறவர் தலை விலகத் தாமதமாகும். வாங்கும் குத்துகளை எந்தத் திட்டமும் ஈடுகட்டாது. வாரம் இரண்டு எடை நாளுக்குமேல் தேவையில்லை. சண்டைக்குப் பத்து நாள் முன்பு ஓட்டத்தின் அளவைப் பாதியாக்கி, வேகத்தை அப்படியே வைத்து, கடைசி கனமான ஸ்குவாட்டையும் முடித்துவிடலாம். கடைசி வாரத்தில் ஸ்கிப்பிங், பேட் (கோச்சு பிடிக்கும் திண்டில் குத்துவது), ஷேடோ மட்டும். உடல் எடையில் இன்னும் இரண்டு கிலோ இறக்க வேண்டும் என்று வியர்வைச் சட்டை மாட்டி ஓடவேண்டிய நிலை வந்தால், கோளாறு அந்த வாரத்தில் இல்லை, ஆறு வாரம் முந்தைய சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.