யூனிட்டுக்கு ஒரு டிசி வரிசை: லாக் போடாமல் எண் கொடுக்க முடியுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மென்பொருள் எழுதினால் டிசி (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) நம்பர் பிரச்சினை சீக்கிரமே வந்துவிடும். நூல் நிட்டிங்குக்குப் போனால் ஒரு டிசி, துணி சாயப்பட்டறைக்குப் போனால் இன்னொன்று. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி வரிசை வேண்டும். ஜிஎஸ்டி விதி 55-ம் டெலிவரி சலானுக்கு 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண்ணைக் கேட்கிறது. பல வரிசைகள் வைத்துக்கொள்ளலாம்.

பலரும் முதலில் எழுதுவது, இருப்பதில் பெரிய எண்ணைப் படித்து ஒன்று கூட்டுவதுதான். சாயங்காலம் வண்டி கிளம்பும் நேரத்தில் இரண்டு பேர் ஒன்றாக சேவ் செய்தால் இருவருக்கும் 412 தெரியும், இருவருமே 413 போடுவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வழக்கமான ரீட் கமிட்டெட் நிலை (கமிட் ஆனதை, அதாவது உறுதியாகச் சேமித்ததை மட்டும் காட்டுவது) இதைத் தடுக்காது.

சரி, யூனிட், ஆண்டு, எண் மூன்றுக்கும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இருமுறை வரவிடாத கட்டுப்பாடு) போட்டு, ஏற்கெனவே இருக்கிறது என்னும் 23505 பிழை வந்தால் மறுபடி முயலலாம். கூட்டம் குறைந்த இடத்துக்கு இது போதும். ஆனால் இதிலும் காத்திருப்பு உண்டு. முதல் டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேமிக்கும் வேலைத் தொகுதி) முடியும்வரை இரண்டாவது இன்செர்ட் நின்று, அப்புறம்தான் பிழை வாங்கும்.

டேட்டாபேஸே அடுத்தடுத்த எண் தரும் சீக்வென்ஸில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆனால் வேலை பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பாது. 413-க்கு அடுத்து 415 வந்தால் ஆடிட்டர் 414 எங்கே என்பார். போதாததற்கு, யூனிட்டுக்கு ஒன்று, ஏப்ரல்தோறும் புதிதாக ஒன்று என உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் ஐடிக்கு அருமையானது, டிசிக்கு வேண்டாம்.

ரோ நம்பர் விண்டோ ஃபங்ஷனில் எதையும் சேமிப்பதே இல்லை, படிக்கும்போது எண்ணிக்கொள்ளும். ரிப்போர்ட்டின் வரிசை எண்ணுக்கு நல்லது. ஆனால் நடுவில் ஒரு ரெக்கார்டு போனால், டிரைவர் கையில் 413 என்று இருக்கும் தாள் திரையில் 412 ஆகிவிடும்.

நான் தேர்ந்தெடுப்பது கவுன்ட்டர் டேபிள். யூனிட்டுக்கும் ஆண்டுக்கும் கடைசி எண்ணை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்டு; அதை அப்டேட் செய்து, மாறிய மதிப்பை அப்போதே தரும் ரிட்டர்னிங் மூலம் புது எண்ணை வாங்குவது. லாக் (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தும் பூட்டு) உண்டு, ஆனால் அந்த ஒரு ரெக்கார்டுக்கு மட்டும். அவிநாசி யூனிட் எண் எடுக்கும்போது பல்லடம் யூனிட் நிற்காது. ரோல்பேக் ஆனால் எண்ணும் பின்னால் போய்விடும், இடைவெளி விழாது. ஏப்ரல் 1-ல் புது ரெக்கார்டு பிறப்பதை, இல்லையென்றால் சேர்த்து இருந்தால் அப்டேட் செய்யும் ஆன் கான்ஃப்ளிக்ட் பார்த்துக்கொள்ளும். அது போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்தே இருக்கிறது.

லாக்கைக் கண்டு பயப்படுபவர்களிடம் நான் சொல்வது, எண் எடுக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஸ்டாக் சரிபார்த்து, டிசியை எண் இல்லாமலே எழுதி, கமிட்டுக்கு முந்தைய அடியாக எண்ணை நிரப்புங்கள். காத்திருப்பு மில்லிநொடிகளில் அடங்கிவிடும். ஈ-வே பில்லுக்கு (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி மின்னணு ஆவணம்) வெளியே போகும் அழைப்பைக் கமிட்டுக்குப் பிறகு வையுங்கள். முன்பே வைத்தால், அந்தப் பக்கம் பதில் தாமதமாகும்போது யூனிட்டே நிற்கும். ரத்தான டிசியை டெலீட் செய்யாமல் ரத்து என்று குறித்து வைத்தால், 414-ம் கேட்கும்போது கையில் இருக்கும்.