.270 ரைஃபிளுக்கு 200 கஜ ஜீரோ: பல சீசன் பயன்பாட்டுக்குப் பிறகு

.270 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைஃபிள், 22 அங்குலக் குழல், 130 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, 3 முதல் 9 மடங்கு பெருக்கும் ஸ்கோப். அனுமதி பெற்ற மான் வேட்டைக்குப் பல சீசன்களாக என் கையில் இருப்பது இதுதான். இத்தனை நாளில் ரைஃபிள் மாறவில்லை. ஜீரோ செய்யும் தூரம்தான், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும் தூரம்தான், மாறிக்கொண்டே இருந்தது. முதலில் 100 கஜம். அப்புறம் அனுபவசாலிகள் பலரும் சொல்லும் ‘100-ல் மூன்று அங்குலம் மேலே’, அதாவது 100 கஜத்தில் குறிக்கு மூன்று அங்குலம் மேலே குண்டு படும்படி வைப்பது. நடுவில் 300 கஜத்தையும் ஒருமுறை விட்டுவைக்கவில்லை. கடைசியில் 200-க்கு வந்தேன். அதற்குப் பிறகு ஸ்கோப்பின் திருகு மூடியைக் கழற்றுவது தோட்டா பிராண்டு மாறும்போது மட்டும்தான்.

இந்தத் தோட்டா 1925-ல் வந்தது. பெட்டியில் விநாடிக்கு 3060 அடி வேகம் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்த கணக்கு. என்னுடையதைப் போன்ற 22 அங்குலக் குழலில் ஐம்பது, அறுபது அடி குறைவாகத்தான் வரும். இன்றைய வேகமான மேக்னம் தோட்டாக்களோடு வைத்துப் பார்த்தாலும் இது ‘தட்டையாகப் போகும்’ வகையில்தான் சேரும். தட்டை என்றால் கோடு போட்டதுபோல் நேராகப் போகும் என்று அர்த்தமில்லை. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. குண்டு கீழிருந்து கிளம்பிப் பார்வைக் கோட்டை அருகிலேயே ஒருமுறை வெட்டி மேலே ஏறுகிறது, பிறகு தூரத்தில் இறங்கி இரண்டாவது முறை வெட்டுகிறது. அந்த இரண்டாவது வெட்டைத்தான் ஜீரோ என்கிறோம். அதைத் தள்ளித்தள்ளி வைத்தால் நடுவில் உள்ள மேடு உயர்ந்துகொண்டே போகும்.

என் ரைஃபிளில் பார்த்தது ஏறத்தாழ இப்படி. 100-ல் ஜீரோ செய்தால் 200-ல் மூன்று அங்குலம் கீழே, 300-ல் பதினொன்று. 200-ல் செய்தால் 100-ல் ஒன்றரை அங்குலம் மேலே, 250-ல் மூன்று கீழே, 300-ல் ஏழு. 100-ல் மூன்று அங்குலம் மேலே வைத்தால் ஜீரோ 270 கஜம் பக்கம் போய்விடும். 200-லும் குண்டு மூன்று மேலேதான் இருக்கும், 300-ல் இரண்டோ கொஞ்சம் கூடவோ கீழே. 300-ஐயே ஜீரோவாக்கினால் 200-ல் நான்கரை அங்குலம் மேலே.

தாளில் பார்க்கும்போது மூன்றாவது முறைதான் மனதை இழுக்கும். 300 கஜம் வரை எதையும் யோசிக்காமல் நடுவில் குறிவைத்துச் சுடலாம் என்பது அதன் வாக்குறுதி. இதற்குப் பின்னால் இருப்பது ‘பாயிண்ட் பிளாங்க் ரேஞ்ச்’ என்ற கணக்கு: மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை எட்டு அங்குல வட்டமாக எடுத்துக்கொண்டு, குண்டு அந்த வட்டத்துக்கு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் இருக்கும் மிக அதிகத் தூரத்தைக் கண்டுபிடிப்பது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சுடுகிற ஆளை அது கணக்கில் சேர்ப்பதே இல்லை. குண்டு ஒவ்வொரு முறையும் வளைவின் மேலேயே, மயிரிழை பிசகாமல் போகும் என்று வைத்துக்கொள்கிறது.

பெஞ்சில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் 100 கஜத்தில் என் குண்டுகள் எல்லாம் ஒன்றரை அங்குல அகலத்துக்குள் அடங்கும். களத்தில், மலைச்சரிவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சுட்டால் மூன்று அங்குலம் வந்தாலே எனக்குத் திருப்தி. அதுவே 200-ல் ஆறு அங்குலம், அதாவது மையத்திலிருந்து எந்தப் பக்கமும் மூன்று. இதை ‘மூன்று அங்குலம் மேலே’ என்பதோடு கூட்டிப் பாருங்கள்: நான் வைத்த குறிக்கு மேலே ஆறு அங்குலம் வரை குண்டு போகலாம். வட்டத்தின் ஆரமோ நான்குதான். 300 கஜ ஜீரோவில் இது ஏழரை ஆகிறது. 200 கஜ ஜீரோவில் அதே தூரத்தில் என் மோசமான குண்டும் மூன்று அங்குலத்துக்குள் நிற்கிறது.

மேலே படுகிற குண்டு மிகக் கெட்டது. நுரையீரலைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனால் முதுகெலும்பு. அதற்கும் மேலே என்றால் வெறும் தசையும் எலும்பு முட்களும்தான். அங்கே பட்டால் மான் அதிர்ச்சியில் அப்படியே சரிந்துவிடும். சுட்டவர் சந்தோஷப்பட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டுவதற்குள் எழுந்து ஓடியும்விடும். ரத்தத் தடம் கொஞ்ச தூரத்தில் நின்றுபோகும். இதனால்தான் கீழே விழும் ஒரு அங்குலத்தைவிட மேலே ஏறும் ஒரு அங்குலத்துக்கு நான் அதிகம் பயப்படுகிறேன்.

இன்னொரு விஷயம், மான்கள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்பது. என் அனுபவத்தில் பெரும்பாலான சுடுதல் 80 முதல் 180 கஜத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீளத் தூர ஜீரோவின் மேடு சரியாக இந்த இடத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. எப்போதோ வரும் 300 கஜ வாய்ப்புக்காக, எப்போதும் வரும் 150 கஜச் சுடுதலைக் கெடுத்துக்கொள்வானேன்? ‘கிட்டே இருந்தால் கொஞ்சம் கீழே குறிவையுங்கள்’ என்பார்கள். மரங்களுக்கு நடுவே கொம்பு தெரிந்த அந்த நொடியில் கழித்தல் கணக்குப் போடுகிற ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை.

சரிவில் சுடும்போது மேலே படும் ஆபத்து இன்னும் கூடும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு சற்று மேலேதான் படும். இறக்கத்தைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரம். 30 டிகிரி சரிவில் 300 கஜம் என்பது குண்டைப் பொறுத்தவரை 260 கஜம்தான். நல்ல ரேஞ்ச்ஃபைண்டர்கள் (தூரம் அளக்கும் கருவிகள்) இதைத் தாமே கழித்துக் காட்டுகின்றன.

ஜீரோ செய்யும் முறைக்கு வருவோம். 25 கஜத்தில் தொடங்குவது தாளில் எங்கே படுகிறது என்று பார்க்க மட்டும்தான். அங்கே நடுப்புள்ளியில் வைத்துவிட்டுக் கிளம்பினால், இந்த ரைஃபிளில் 100-ல் ஏறக்குறைய மூன்று அங்குலம் மேலே வந்து நிற்கும். 25-ல் செய்யும் அரை அங்குலப் பிழை 100-ல் இரண்டு அங்குலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து 100-ல் ஒன்றரை அங்குலம் மேலே கொண்டுவருவேன். கால் எம்.ஓ.ஏ. கிளிக் உள்ள ஸ்கோப்பில் (ஒரு கிளிக் 100 கஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் நகர்த்தும்) 100 கஜ ஜீரோவிலிருந்து இது ஆறு கிளிக். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்துவதில்லை. 200-ல் தாளை வைத்துச் சுட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். காற்றில்லாத காலை நேரம் இதற்கு நல்லது. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று 200-லேயே மூன்று அங்குலம் தள்ளிவிடும், 300-ல் ஆறுக்கும் மேல்.

குழல் ஆறிய பிறகு போகும் முதல் குண்டைத் தனியாகக் குறித்துவைப்பேன். களத்தில் நாம் சுடுவது அந்தக் குண்டைத்தானே. சூடேறிய குழலில் மூன்றாவது, நான்காவது குண்டு எங்கே போகிறது என்பது மானுக்குத் தெரியப்போவதில்லை. தோட்டாவில் கஞ்சத்தனம் செய்து வேறு பிராண்டில் ஜீரோ செய்யாதீர்கள். எடை ஒன்றேயானாலும் படும் இடம் மாறும்.

குறை இல்லாமல் இல்லை. 250 கஜத்தைத் தாண்டினால் தூரத்தை அளந்தே ஆக வேண்டும். 300-ல் குறுக்குக் கம்பியை முதுகுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வைப்பேன். ஏழு அங்குலம் இறங்கி நடுவில் போய்ச் சேரும். 400-ல் இறக்கம் இருபது அங்குலம் பக்கம். அந்தத் தூரத்தில் நான் சுடுவதில்லை. ஸ்கோப்பில் உள்ள கீழ்க் கோடுகளை நம்புபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சாதாரண வேட்டை ஸ்கோப்புகளில் அவை பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில் மட்டுமே சரியான அளவைக் காட்டும்.

அடர்ந்த காட்டிலேயே சுடுபவர்களுக்கும், .30-30 போல மெதுவான தோட்டா வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தாது, 100 போதும். ஒவ்வொரு முறையும் தூரம் அளந்து டரட்டை (ஸ்கோப்பின் சரிசெய்யும் திருகை)த் திருப்பிச் சுடுபவர்களுக்கும் 100 கஜமே வசதி. காற்றின் பாதிப்பு அங்கே மிகக் குறைவு, எந்த மைதானத்திலும் சரிபார்த்துவிடலாம்.