மூடியில் விளக்கில்லாத ஸ்கேனரை ஸ்லைடுக்கு என்று வாங்காதீர்கள்

அப்பா எடுத்த ஸ்லைடுகள், அதாவது அட்டைச் சட்டத்தில் பொருத்திய சின்னப் பிலிம் படங்கள், நானூறுக்கு மேல், எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. சிலவற்றில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இனியும் விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன்.

"தம்பி, இதில ஸ்லைட் ஸ்கேன் பண்ணலாமா?"

"தாராளமா பண்ணலாம் அக்கா. 4800 டிபிஐ. ஸ்லைட், நெகட்டிவ், போட்டோ, எல்லாம் வரும்."

டிபிஐ என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைப் படிக்கும் என்ற கணக்கு. விலை 38,000 ரூபாய். பில்லில் 'ஸ்கேனர்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் ஸ்லைடை வைத்தேன். அட்டைச் சட்டம் அச்சொட்டாக வந்தது. அதில் அப்பா பென்சிலால் எழுதிய 'நல்லூர்த் தேர் 78' கூட, புள்ளி பிசகாமல் தெரிந்தது. தேர் இருக்கவேண்டிய நடுவில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு நீள்சதுரம்.

கடைக்கு எடுத்துக் கேட்டால், டிரைவரை மாற்றிப் போடச் சொன்னார்கள். பிறகு போன் டோர்ச்சை மேலே பிடிக்கச் சொன்னார்கள். அதையும் செய்தேன், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்ததுதான் மிச்சம். திருப்பிக் கொண்டுபோனபோது அதே பொடியன் திரையைப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் ஆகுதுதானே அக்கா, எழுத்துக்கூடத் தெரியுதே" என்றான். காசு தரமாட்டார்களாம், வேறு சாமான் எடுப்பதென்றால் 8,000 கழிப்பார்களாம்.

விஷயம் இவ்வளவுதான். சாதாரண ஸ்கேனர் கீழிருந்து வெளிச்சம் அடித்து, தாளில் பட்டுத் திரும்புவதைப் படிக்கும். ஸ்லைடுக்கு வெளிச்சம் படத்தை ஊடுருவி வரவேண்டும். அதற்கு மூடிக்குள்ளேயே ஒரு விளக்கு இருக்கவேண்டும். மூடியைத் திறந்து பாருங்கள்: வெறும் வெள்ளைப் பலகைதான் என்றால், டிபிஐ எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் அது ஸ்லைடுக்கு உதவாது.

டிபிஐயும் வேண்டியதுதான், இல்லை என்கவில்லை. 35 மி.மீ. ஸ்லைடில் படம் வெறும் 36க்கு 24 மி.மீ. 600 டிபிஐயில் எடுத்தால் நீளப்பக்கம் 850 பிக்சல்தான் வரும். 2400க்கு மேல் போனால்தான் அச்சிடும் தரம். அதுவும் ஒப்டிக்கல் எண்ணாக, அதாவது ஸ்கேனர் உண்மையாகவே படிக்கும் எண்ணாக இருக்கவேண்டும். மென்பொருள் ஊதிக் காட்டும் எண்ணைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று. நான் வாங்கியது சிஐஎஸ் வகை, படிக்கும் உணரி கண்ணாடிக்கு நெருக்கமாகக் கீழே ஓடும். மெல்லியது, மலிவு. ஆனால் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டுமே கூர்மையாக எடுக்கும். அம்மாவின் கல்யாணப் படம் கொஞ்சம் சுருண்டது. ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் முகம் மங்கிவிட்டது. லென்ஸ் வழியாகப் படிக்கும் சிசிடி வகை இதில் எவ்வளவோ மேல்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுக்கலாம் என்று தங்கை சொன்னாள். எடுக்கத்தான் போகிறேன். ஆனால் என் கையில் இருக்கும் பில்லில் ஸ்லைட் என்ற சொல்லே இல்லை. நீங்கள் வாங்கினால் 'ஸ்லைட் ஸ்கேன் செய்யும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது எப்சன் வி600 ஸ்கேனர் ஒன்று, பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் மூடியில் விளக்கு இருக்கிறது. பார்க்கப் போகும்போது நல்லூர்த் தேரையும் கைப்பையில் கொண்டுபோவேன்.