தொல்காலக் கரிம வெளியேற்றத்தை விளக்கும் அறிவியல் பெட்டி: ஒரு மதிப்பீடு

தருமபுரியில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 1,450 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த அறிவியல் பெட்டியை, பாலக்கோட்டில் நாங்கள் நடத்தும் மாலைநேர வகுப்பின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன். பழங்காலத்தில் பெருமளவு கரிமம் காற்றில் கலந்தபோது கடலும் தட்பவெப்பமும் எவ்வாறு மாறின என்பதைக் கற்பிப்பதே பெட்டியின் நோக்கம். ஆழ்கடல் மண் மாதிரியைக் காட்டும் குழாய், நிறங்காட்டித் திரவம், சிப்பி ஓடுகள், துணியில் அச்சிட்ட காலச்சுருள், தமிழ்க் கையேடு ஆகியவை உள்ளே இருக்கின்றன.

இவற்றுள் மிகச் சிறந்தது குழாய். தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் கடலடி மேட்டில் 2003இல் துளையிட்டு எடுத்த மண் தண்டுகளை ஒட்டி அதை அமைத்திருக்கிறார்கள். கீழே வெள்ளை மண், அதன் மேல் சட்டென்று தொடங்கும் செங்களிமண், அதற்கும் மேலே சிறிது சிறிதாக வெளுத்துக்கொண்டே போகும் மண். வெள்ளையாக இருப்பது நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் ஆண்டுகளில் பெருங்கரிமம் வெளியேறி, உலகம் 5 முதல் 6 பாகை செல்சியஸ் வரை சூடேறிய காலத்தில், கரிமம் கலந்து அமிலத்தன்மை கூடிய கடல்நீர் அந்த ஓடுகளைக் கரைத்துவிட்டதால் களிமண் மட்டும் எஞ்சியது. ஆழ்கடலடியில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுடைய நுண்ணுயிர் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அப்போது அழிந்தன. கீழ் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதையும் மேல் எல்லை மங்கலாக இருப்பதையும் பிள்ளைகள் தாமாகவே கவனித்துக் காரணம் கேட்டார்கள். கெடுவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதும், மீள்வதற்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பதை அவர்கள் மண்ணிலேயே படித்துவிட்டார்கள்.

நிறங்காட்டிச் சோதனை எங்கள் மாவட்டத்திற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது. தண்ணீரில் திரவத்தைக் கலந்து உறிஞ்சுகுழலால் ஊதினால் நிறம் மாறும் என்கிறது கையேடு. சுத்திகரித்த கேன் தண்ணீர் உடனே மஞ்சளுக்கு மாறியது. போர் தண்ணீரோ எவ்வளவு ஊதியும் பச்சையைத் தாண்டவில்லை. பாறைகளிலிருந்து கரைந்து வந்த பைகார்பனேட்டு என்னும் உப்பு, மூச்சுக் காற்றின் கரிமத்தால் நீரில் உண்டாகும் அமிலத்தை ஈடுசெய்வதே அதற்குக் காரணம். கடலுக்கும் இதே தற்காப்பு உண்டு. கரிமம் மெதுவாகச் சேர்ந்தால், கடலடிச் சுண்ணாம்பும் மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் உப்புகளும் அதை ஈடுகட்ட நேரம் கிடைக்கும். வேகமாகச் சேர்ந்தால் கிடைக்காது. கையேடு இதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை என்பது பெரிய குறை. இரண்டு தண்ணீரையும் அருகருகே வைத்துச் செய்யுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிப்பி ஓட்டை வினிகரில் போடும் சோதனையைத் தவிர்த்துவிடலாம். கடல் வினிகராக மாறப்போவதில்லை. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 8.2இலிருந்து 8.1 அளவுக்குக் குறைந்திருக்கிறது. அந்தச் சிறிய எண் மாற்றத்திற்கே, அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டன என்பதைச் சொல்லிக்கொடுப்பதுதான் பயனுள்ளது.

நான் கடுமையாக மறுப்பது காலச்சுருளை. சைபீரிய எரிமலைப் பெருக்கும் கடல் உயிரினங்களின் பேரழிவும் நிகழ்ந்த 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்திலிருந்து இன்றுவரை, வெளியேறிய மொத்தக் கரிமத்தை மட்டும் வைத்துப் பட்டைகள் வரைந்திருக்கிறார்கள். அதனால் பழைய நிகழ்வுகள் மலைபோலவும் நம் காலம் ஒரு சிறு கோடுபோலவும் தெரிகின்றன. "அப்போ இப்ப நடக்கிறது ஒண்ணுமே இல்லையா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள், அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் வேறெதைக் கேட்பார்கள்? 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெளியேற்றம், ஆண்டுக்கு 100 கோடி டன் கரிமம் அல்லது அதற்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் வெளியேறுகிறது. வேகத்தைக் காட்டாத சுருள், குழாய் கற்பித்த பாடத்தையே அழித்துவிடுகிறது. நாங்கள் ஆண்டு வேகத்தைத் தனித் தாளில் வரைந்து சுருளின் மேல் ஒட்டிக்கொண்டோம்.

எந்தப் பாறையும் பெட்டியில் இல்லாததும் வருத்தமே. காற்றின் கரிமத்தை மழைநீர் ஏற்றுப் பாறையை அரித்துக் கடலில் சுண்ணாம்பாகச் சேர்ப்பதால்தான் பூமி அந்த வெப்பத்திலிருந்து மீண்டது. கிருஷ்ணகிரிக் குவாரிகளின் கருங்கல் சில்லு ஒன்றைக் கையில் கொடுத்தாலே இதை விளக்கலாம். ஒகேனக்கல், சாமல்பட்டிப் பகுதிகளில் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த கார்பனேட்டுக் குழம்பு இறுகிய கார்பனடைட்டு பாறையும் இருக்கிறது. கரிமம் பூமிக்குள்ளிருந்தும் வருகிறது என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டியதில்லை.

குழாய்க்காகவும் திரவத்திற்காகவும் பள்ளிகள் இதை வாங்கலாம். வீட்டுக்கு வாங்குவோர், உடன் இருந்து விளக்க ஆள் இல்லையென்றால் சுருளை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. திரவம் தீர்ந்தால் குப்பியைத் தனியாகவும் தருகிறார்கள். கடைக்காரர் பொறுமையாகப் பேசி, சுருளைப் பற்றிய எங்கள் கருத்தைத் தயாரிப்பாளருக்கு அனுப்ப எழுதியும் வாங்கிக்கொண்டார்.