விற்கப்போகிற வீட்டுக்குப் புல்லா, பேவர் பிளாக்கா, இல்லை இருக்கிற தோட்டமே போதுமா?

போன வருஷம் சென்னை சேலையூரில் இருந்த வீட்டை விற்றோம். ஒரு கிரவுண்டு, அதில் வீடு போக 600 சதுர அடி தோட்டம்: இரண்டு தென்னை, ஒரு மா, கறிவேப்பிலை, கேட் ஓரம் முருங்கை, மீதியெல்லாம் புதர். "முன்பக்கத்தைப் பார்த்துத்தான் சார் பார்ட்டி உள்ளேயே வரும்" என்று புரோக்கர் கிளப்பிவிட்டதில் ஆரம்பித்தது குழப்பம்.

பேவர் பிளாக்குக்குச் சதுர அடி 80 ரூபாய் கேட்டார்கள், மொத்தம் 48,000. பார்க்கச் சுத்தம், கார் நிற்கும், சரி. ஆனால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழி குறைந்துவிடும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊர் இது. வீடு பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் விசாரித்ததே போர் எத்தனை அடி என்றுதான்.

கொரியன் புல்தான் எனக்கு ஆசை காட்டியது. போட்டோவில் அள்ளும். ஆனால் வீடு நினைத்த நேரத்தில் விற்றுவிடாது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் பங்குனியில் விலைக்குச் சொன்னோம். சித்திரை, வைகாசி வெயிலில் போய்விட்டது, ஆனியில் பேச்சு வந்தது, ஆடியில் பத்திரம் வேண்டாம் என்று வாங்குகிறவர்களே தள்ளினார்கள், ஆவணியில்தான் கிரயம். ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் தினமும் மோட்டார் போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் விட ஆளுக்கு எங்கே போவது? இரண்டு வீடு தள்ளி ஒருவர் விற்பதற்கென்றே புல் போட்டார். வைகாசியில் அது தேங்காய் நார் மிதியடி மாதிரி ஆகிவிட்டது. காய்ந்த புல்லைப் பார்க்கிறவருக்கு, இந்த வீட்டில் தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும். அதற்கு வெறும் மண்ணே மேல்.

வேரூன்றிய மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் சுத்தம் மட்டும் செய்தோம்: ஆள் ஏறிக் காய்ந்த மட்டைகளை இறக்கினார், புதரை வெட்டினோம், மழை வந்தால் கம்பளிப்பூச்சி அப்புகிற முருங்கையை எடுத்தோம், காம்பவுண்டு விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கிப் பூசினோம் (இதைச் செய்யாமல் யாருக்கும் வீட்டைக் காட்டாதீர்கள்). எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்.

அதனால் விலை கூடியதா என்றால், இல்லை. வாங்குபவரின் லோனுக்காக மதிப்பிட வந்தவர் இடத்தையும் கட்டடத்தையும் அளந்தார், தென்னையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் விற்றது ஒரே வீடு. ஈசிஆர் பக்கத்து வில்லாக்களுக்குப் புல் எடுபடலாம். பில்டர் வாங்குகிறார் என்றால் எதுவுமே செய்யாதீர்கள், எப்படியும் இடிக்கத்தான் போகிறார்.

ஒன்றில் மட்டும் ஏமாந்தோம். வாங்கியவர் டேப் வைத்து அளந்தபோது, மாமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று கார் நுழைய இடித்தது. அதைக் காட்டியே 25,000 குறைத்துவிட்டார். வெட்டியிருந்தால் அரை மணி நேர வேலை.