ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது: ஹாஸ்டலிலா, பக்கத்து வீட்டிலா?

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் நாயை நாய் ஹாஸ்டலில் விடலாம். இல்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஹாஸ்டலில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடம். உண்ணி ஒட்டிக்கொண்டு வரும், சமயத்தில் கூடவே உண்ணிக் காய்ச்சலும். தொற்று இருமல் காற்றிலேயே பரவும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே சேர்த்துக்கொண்டால் அப்படியே திரும்பிவிடுங்கள். ராஜபாளையம் மாதிரி ஒரே ஆளிடம் ஒட்டும் நாய் அங்கே தட்டைத் தொடாமல் கிடப்பதும் உண்டு.

பக்கத்து வீட்டு ஏற்பாட்டில் நாய் தன் வாசலிலேயே இருக்கும். செலவும் கம்மி, வரும்போது அல்வா வாங்கி வந்தால் போதும். சிக்கலே அக்காவின் பாசம்தான். "பாவம், வெறும் சோறா?" என்று சாம்பாரை ஊற்றிவிடுவார். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அதே கதைதான். வெந்த கோழி எலும்போ சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கொடுக்கக் கூடாதவற்றை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

என் ஓட்டு அக்காவுக்குத்தான். தீபாவளிக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம். வெடிச் சத்தத்தில் மிரண்டு கேட்டைத் தாண்டும் நாயைப் பிடிக்க வீட்டு ஆளே வேண்டும்.