டெக்ட்ரானிக்ஸ் 492: படகு ரேடார் பார்க்க ஒரு பழைய பெட்டி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு ரேடார், வயர்லெஸ், கேபிள் டிஷ் என்று ரேடியோ வேலை பார்க்கிறவர், 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், புதுக் கருவி வாங்கப் பணம் இல்லை என்றால், நல்ல நிலையில் உள்ள ஒரு டெக்ட்ரானிக்ஸ் 492 ஸ்பெக்ட்ரம் அனலைசர் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் எல்லா 492-ம் ஒன்று இல்லை. விற்பவர் பட்டியலில் எண் ஒன்றுதான் இருக்கும், உள்ளே இருப்பது ஆளுக்கு ஆள் மாறும். எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிய, அந்தப் பெட்டியை ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி வரலாறுதான்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்பது திரையில் இடமிருந்து வலமாக அலைவரிசை, மேலே உயரத்தில் சிக்னலின் பலம் என்று காட்டுகிற கருவி. 1964-ல் எச்பி நிறுவனம் 8551ஏ, 851ஏ என்ற ஜோடியைக் கொண்டு வந்தது. ஒரே வீச்சில் 2 கிகாஹெர்ட்ஸ் அகலம் காட்டியதால் அதுவரை இருந்த கருவிகள் எல்லாம் ஓரம் போயின. ஆனால் அது மேசையை விட்டு நகராத சாமான். உள்ளே ஆசிலேட்டராக, அதாவது அலையை உண்டாக்குகிற பாகமாக, இருந்தது பேக்வேர்ட் வேவ் என்ற வெற்றிடக் குழாய். அதற்கு உயர் அழுத்த மின்சாரம் வேண்டும், குழாய்க்கு ஆயுள் குறைவு, கொடுக்கிற வோல்ட்டுக்கும் வருகிற அலைவரிசைக்கும் நேர்கோட்டு உறவும் இல்லை.

அதே 1964-ல் டெக்ட்ரானிக்ஸ், நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பென்ட்ரிக்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை வாங்கியது. அதுவரை ஆஸிலோஸ்கோப்புக்குப் பேர்போன டெக்ட்ரானிக்ஸுக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் கைவந்தது அந்த வழியாகத்தான். அந்தப் பத்தாண்டிலேயே 491 என்ற மாடல் வந்துவிட்டது: ஒரே பெட்டி, கைப்பிடி, 10 மெகாஹெர்ட்ஸில் இருந்து 40 கிகாஹெர்ட்ஸ் வரை. கேட்கப் பிரமாதம்தான், ஆனால் ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது போதும். தெரியாத சிக்னலைத் தேடுகிறவர் திண்டாடிப் போவார்.

அப்புறம் 7000 வரிசை ஆஸிலோஸ்கோப்பில் செருகுகிற 7எல்12, 7எல்18 என்ற செருகு அனலைசர்கள் வந்தன. 7எல்18 தானாகவே 18 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதில் படித்த பாடத்தை எல்லாம் ஒரே தூக்குப் பெட்டிக்குள் அடைத்ததுதான் 492 என்று வைத்துக்கொள்ளலாம்: 50 கிலோஹெர்ட்ஸில் இருந்து 21 கிகாஹெர்ட்ஸ் வரை, வெளி மிக்சர் (சிக்னலையும் ஆசிலேட்டர் அலையையும் கலக்கும் பாகம்) மாட்டினால் 220 கிகாஹெர்ட்ஸ் வரை. எடை சுமார் 20 கிலோ, அதாவது படகுத் தளத்துக்கு ஒரு ஆளே தூக்கி ஏற்றிவிடலாம், ஆனால் ஏற்றிய பிறகு முதுகு சொல்லும்.

இந்தப் பெட்டியின் இதயம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சின்ன உருண்டை. இட்ரியம், இரும்பு, ஆக்சிஜன் சேர்ந்த கார்னெட் படிகம், சுருக்கமாக யிக் என்பார்கள். காந்தப்புலத்துக்குள் அதை வைத்தால் ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் அது அதிர்கிறது. கம்பிச்சுருளில் ஓடுகிற கரண்டைக் கூட்டினால் அலைவரிசையும் அதே அளவில் கூடும், நேர்கோடாக. குழாய் இல்லை, பெரிய வோல்டேஜ் இல்லை. 492-ன் முதல் ஆசிலேட்டர் 2.072-ல் இருந்து 6.35 கிகாஹெர்ட்ஸ் வரை சுழல்வது இந்த உருண்டையால்தான். முன்பக்கத்தில் டீகாஸ் என்று ஒரு பட்டன் இருப்பதற்கும் காரணம் இதுவே. காந்த இரும்பு பழைய கரண்டின் நினைவைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். அலைவரிசையை வெகு தூரம் மாற்றிய பிறகு அந்தப் பட்டனை அமுக்காமல் எண்ணைப் படிக்கக் கூடாது.

சரி, ஆசிலேட்டர் 6.35 வரைதான், பெட்டி மட்டும் எப்படி 21 வரை பார்க்கிறது? அங்கேதான் வடிவமைத்தவர்களின் பெரிய பேரம் இருக்கிறது. மிக்சரில் ஆசிலேட்டரின் மூன்றாம் மடங்கைப் பயன்படுத்துகிறார்கள். 5.4-ல் இருந்து 18 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு, ஆசிலேட்டரை மூன்றால் பெருக்கி அதில் 829 மெகாஹெர்ட்ஸைக் (பெட்டிக்குள் மாறாமல் நிற்கும் இடை அலைவரிசை) கழித்தால் வருவதுதான் நீங்கள் பார்க்கும் அலைவரிசை. இதனால் தனியாக இன்னொரு விலை உயர்ந்த ஆசிலேட்டர் தேவையில்லை, எடையும் மிச்சம். ஆனால் மிக்சருக்கு மூன்றாம் மடங்கு மட்டும் வேண்டும் என்று தெரியாது. இரண்டும் நான்கும் சேர்ந்தே வேலை செய்யும், 829-ஐக் கழிப்பது போலவே கூட்டுவதும் நடக்கும். 9.41 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு ரேடார் ஓடினால், திரையில் 7.75, 12.04, 14.53 என்று மற்ற இடங்களிலும் அதன் பேய்கள் எழும்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இந்தப் பேய்களை விரட்டுவது ப்ரீசெலக்டர். அதுவும் யிக் உருண்டைதான், ஆனால் ஃபில்டராக, 1.7 கிகாஹெர்ட்ஸில் இருந்து ஆசிலேட்டரோடு சேர்ந்தே நகர்ந்து, வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும். 492 வெளிவந்த காலத்தில் இது ஆப்ஷன் 01, தனிக் காசு. திரையில் வந்ததை நினைவில் வைத்துக் காட்டுகிற டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஆப்ஷன் 02. அலைவரிசையைப் பூட்டிப் பிடிக்கிற ஃபேஸ் லாக் ஆப்ஷன் 03. வாங்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். 01 இல்லாத பெட்டியில் ஐடென்டிஃபை என்ற பட்டன் கொஞ்சம் கைகொடுக்கும்: ஒன்று விட்டு ஒரு வீச்சில் ஆசிலேட்டரைச் சற்றே நகர்த்திக் காட்டும், உண்மைச் சிக்னல் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும், பேய் விலகி ஓடும். ஒரு சிக்னலுக்கு அது போதும். பத்து சிக்னல் இருக்கிற இடத்தில் அதை வைத்து மாரடிக்க முடியாது.

இனி நம் கடற்கரை வேலைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும். என்ஜின், வலை, எக்கோ (ஆழமும் மீனும் காட்டும் கருவி), வயர்லெஸ் என்று எல்லாப் பழுதும் அப்போதுதான் பார்க்கப்படும். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் ஒரே நாளில் போய்த் திரும்புகிற படகுகளில் ரேடார் அவ்வளவாகக் கிடையாது. பாம்பனில் இருந்து ஆழ்கடல் போகிற படகுகள் சிலவற்றில் உண்டு. சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "தம்பி, மேக்னட்ரான் போச்சா, இல்ல வேற எதாச்சுமா? தெரியாம மாத்தச் சொல்லாத." ரேடாரின் அலையை உண்டாக்குகிற குழாய்தான் மேக்னட்ரான், மலிவான சாமான் இல்லை. அவர்கள் கேட்பது நியாயம்.

இங்கேதான் 492 தன் காசை மீட்டுத் தருகிறது. நல்ல மேக்னட்ரானின் சிக்னல் 9410 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நடுவில் ஒரு பெரிய மேடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குகிற சின்னச் சின்ன மேடுகள் என்று அழகாக நிற்கும். பல்ஸ் 0.8 மைக்ரோ நொடி என்றால் நடு மேட்டின் அடி அகலம் 2.5 மெகாஹெர்ட்ஸ், 0.08 என்றால் 25. வயதான மேக்னட்ரானில் மேடு ஒரு பக்கம் சாயும், அல்லது பக்கத்திலேயே இன்னொரு மேடு முளைக்கும். அதைச் சம்மாட்டியிடம் காட்டினால் போதும், வேறு விளக்கம் கேட்க மாட்டார். மேடு சரியாக நின்றும் ரேடார் திரையில் எதுவும் வரவில்லை என்றால் கோளாறு வாங்கும் பக்கத்தில், மேக்னட்ரானைத் தொட வேண்டாம்.

ரேடார் ஆன்டெனா சுழன்றுகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நிமிடத்துக்கு 24 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 2.5 நொடி, 4 டிகிரி அகலமுள்ள கற்றை உங்களைக் கடப்பது அதில் 30 மில்லி நொடிகூட இல்லை. சாதாரணத் திரையில் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். ஆப்ஷன் 02 இருந்தால் மேக்ஸ் ஹோல்ட் (வந்ததில் உச்சத்தைப் பிடித்து வைப்பது) போட்டுவிட்டு, வீச்சை மெதுவாக்கி, பல்ஸ் ஸ்ட்ரெச்சரையும் (குறுகிய பல்ஸை நீட்டிக் காட்டுவது) அமுக்கிவிட்டுக் காத்திருங்கள். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக முழு உருவம் கட்டி எழும். அந்தப் பல்ஸ் ஸ்ட்ரெச்சர் பட்டனைப் பார்க்கும்போதெல்லாம், இதைச் செய்தவர்கள் ரேடார்காரர்களை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. 4 கிலோவாட் ரேடாருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி நின்றாலும், சின்ன ஆன்டெனாவில் பல்ஸ் உச்சத்தில் பல பத்து மில்லிவாட் வரலாம். மிக்சருக்கு ஒரு மில்லிவாட்டே அதிகம். முதலில் சிக்னலைக் குறைக்கிற அட்டென்யூவேட்டரை நிறையப் போட்டுவிட்டுத்தான் ரேடாரை ஆன் பண்ணச் சொல்ல வேண்டும். நீங்களும் கற்றைக்கு நேரே நிற்காதீர்கள்.

இதன் பெரிய குறை அலைவரிசை எண்ணின் துல்லியம். கையேட்டின்படி மைய அலைவரிசையில் 0.2 சதவீதம் வரை பிழை இருக்கலாம். 9410-ல் அது கிட்டத்தட்ட 19 மெகாஹெர்ட்ஸ். மேக்னட்ரானுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பே பிளஸ் அல்லது மைனஸ் 30 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே உருவத்தைப் பார்க்க 492-ஐ நம்பலாம், எண்ணைச் சான்றாக எழுதிக் கொடுக்க முடியாது. டெக்ட்ரானிக்ஸே அடுத்து 494-ல் அலைவரிசையை எண்ணுகிற கவுண்ட்டர் வைத்து இதைச் சரிசெய்தது. அதிகாரபூர்வமாக அளந்து தர வேண்டிய வேலை உங்களுடையது என்றால் 494 தேடுங்கள்.

கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம் வேலைக்கும் இது நன்றாக உழைக்கிறது. 5ஜி-க்கு நம் நாட்டில் 3300-ல் இருந்து 3670 மெகாஹெர்ட்ஸ் வரை கொடுத்திருக்கிறார்கள். டிஷ்ஷின் சி பேண்ட் 3700-ல் ஆரம்பிக்கிறது. நடுவில் 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, அவ்வளவுதான். பழைய எல்என்பி (டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கி, அலைவரிசையைக் குறைத்துக் கேபிளில் அனுப்பும் பெட்டி) 3400-ல் இருந்தே எல்லாவற்றையும் விழுங்கும். எல்என்பி கேபிளில் அனலைசரை வைத்துப் பார்த்தால் சேனல்கள் 950-ல் இருந்து 1450 வரை நிற்கும், 5ஜி கோபுரம் பக்கத்தில் இருந்தால் 1480-க்கு மேலே ஒரு தட்டையான மேடு மற்றதை எல்லாம் அமுக்கிக்கொண்டு எழும். டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை, முன்னால் ஃபில்டர் மாட்ட வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கேபிளில் எல்என்பிக்கான 13 அல்லது 18 வோல்ட் டிசி ஓடும். டிசியைத் தடுக்கிற டிசி பிளாக் இல்லாமல் எந்த அனலைசரிலும் அதைச் செருகாதீர்கள்.

இந்த வேலைக்கு மட்டும் என்றால் டைனிஎஸ்ஏ அல்ட்ரா போதும். உள்ளங்கை அளவு, பேட்டரியில் ஓடும், 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும். வயர்லெஸ் சானல் 16-ல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், செட் ஒழுங்காக அனுப்புகிறதா என்று பார்க்க நான் தூக்குவது அதைத்தான். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனிலேயே இலங்கை நெட்வொர்க் வந்துவிடும். கடல் மேல் அலைகள் எவ்வளவு தூரம் போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டிக் கருவியைக் கொடுத்தால் இலங்கை எஃப்எம் நிலையங்களை வரிசையாக எண்ணிவிடுவார்கள். ஆனால் 9.4 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை அளக்க அதை நம்ப முடியாது. இன்னொரு முனையில் ஃபீல்ட்ஃபாக்ஸ் என்ற கையடக்க அனலைசர் இருக்கிறது. 2012-ல் அப்போதைய அஜிலென்ட் 26.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகிற மாடலைக் கொண்டுவந்தது, எடை 3 கிலோ, மின்விசிறியே கிடையாது, காற்றுத் துவாரமும் இல்லை. உப்புக் காற்றுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு எனக்குத் தெரியாது. விலைதான் நம் பட்டறைகளுக்கு எட்டாது.

492-க்கு மின்விசிறி உண்டு, அதுதான் இங்கே அதன் எமன். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் ஜன்னல் திறந்த பட்டறையில் இதை நாள் முழுக்க ஓடவிட்டால் உள்ளே உப்பும் மணலும் படியும். நான் வாங்கிய பெட்டி வேறு ஏதோ துறைமுக ஊரில் இருந்து வந்தது. விற்றவர் "சர்வீஸ் பண்ணியது" என்றார், திறந்து பார்த்தால் பவர் சப்ளைக் கண்டென்சர்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கண்டென்சர்களை மாற்றி, கனெக்டர்களை ஆல்கஹால் வைத்துத் துடைத்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது. அதனால் வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றிய புகைப்படம் கேளுங்கள், கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். கேலிபரேட்டரின் 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 20 டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அளவு) நிற்கிறதா என்று வீடியோ கேளுங்கள். மேலே 10 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியும் ஏதாவது ஒரு சிக்னலைக் காட்டச் சொல்லுங்கள், மிக்சரோ ப்ரீசெலக்டரோ போயிருந்தால் அங்கேதான் தெரியும். அந்தப் பாகங்கள் தனியாகக் கிடைப்பது அபூர்வம்.

கண்டென்சர், மின்விசிறி, சுவிட்ச் மாதிரிச் சாமான்களுக்குக் கவலை வேண்டாம். சர்வீஸ் கையேட்டில் முழுச் சர்க்கியூட் படமும் ஒவ்வொரு போர்டும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெட்டி வந்து சேரும் முன்பே அதை இறக்கி, பவர் சப்ளைப் பகுதியை மட்டுமாவது படித்து வையுங்கள்.